புகழ் யாருடையது?

நம் ஊர்களில் ஜினாலயத் திருப்பணி நிறைவுற்றுப் பஞ்சகல்யாணத்திற்கு நாள் குறிக்கப்பட்டதும், ஒரு வினா தவறாமல் எழுகின்றது. நன்கொடையாளர் கல்வெட்டில் எவர் பெயர் முதலில் வரவேண்டும் என்பதே அது. தொகையின் அளவு வரிசையை முடிவு செய்வதா, வயதின் மூப்பா, குடும்பத்தின் தொன்மையா? நாம் அறிந்த ஓர் ஊரில், தம் பெயர் மூன்றாவதாகப் பொறிக்கப்பட்டது என்பதற்காகப் பெரியவர் ஒருவர் அதன்பின் ஆலயப் படியையே மிதிக்கவில்லை.

அதே ஊரில் வேறொன்றும் நிகழ்ந்தது. மூதாட்டி ஒருவர் வெண்கலக் குத்துவிளக்கு ஒன்றைக் கொணர்ந்து வைத்து, "என் பெயர் எதற்கு? விளக்கு எரிந்தால் போதும்" என்று சொல்லிச் சென்றார். பல ஆண்டுகள் கழிந்தபின் அவ்விளக்கு காணாமற் போயிற்று. எவர் தந்தது, எப்பொழுது வந்தது, எத்தனை நிறை என்று சொல்ல ஒரு வரி எழுத்தும் இல்லை. ஆதலின் கேட்பாரும் இல்லை.

முதல் நிகழ்ச்சியைக் கண்டு பெயர் பொறித்தலே பிழை என்று கருதியிருந்த நாம், இரண்டாவதை நினைக்கும்போது தயங்குகின்றோம். பெயரை விரும்பியவரால் அறத்திற்கு ஊறு நேர்ந்தது. பெயரே வேண்டாதவரின் அறமும் காப்பாரின்றி அழிந்தது. இல்லறத்தில் நிற்கும் சிராவகர்களாகிய நாம் புகழை எவ்வாறு கருதவேண்டும்?

குகைச் சுவரில் இருவகைப் பெயர்கள்

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் திருக்கழுக்குன்றத்து மலைக்கு ஒருமுறை சென்று வரலாம். மலையுச்சியில் வேதகிரீசுவரர் கோயில் விளங்குகின்றது. மலைச்சரிவில், ஒரே பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த ஒருகல் மண்டபம் உள்ளது. அங்கே, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையனைக் குறிக்கும் பழங்கல்வெட்டு ஒன்று உண்டு. அம்மண்டபத்திலேயே 17ஆம் நூற்றாண்டில் வந்துபோன ஒல்லாந்தர்கள் தம் பெயர்களைக் கீறி வைத்திருக்கின்றனர். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வாணிகம் செய்தவர்கள் அவர்கள். கடல் கடந்து வந்தவர்களுக்கும் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. பெயர் இன்றும் கல்லில் இருக்கின்றது. ஆயினும் அதைப் படிப்பவர் அறிந்துகொள்வது, இன்னார் இங்கே வந்தார் என்பதை மட்டுமே.

இவ்வூர்க் கோயிலின் மற்றொரு கல்வெட்டு நம் சிந்தனைக்கு உரியது. பல்லவர் ஆட்சியை முடிவுக்குக் கொணர்ந்த முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.பி. 898 எனலாம். ஸ்கந்தசிஷ்யன் என்னும் பழைய மன்னன் இக்கோயிலுக்கு நிலம் அளித்தான். பின்னர் வாதாபியைக் கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதனை அவ்வாறே காத்தளித்தான். ஒருவர் விண்ணப்பிக்க, இப்பொழுது நாமும் அதனைப் புதுப்பித்தோம் என்பது அதன் சாரம்.

எண்ணிப் பார்ப்போம். நரசிம்மவர்மன் வாதாபியைக் கொண்டது 642ஆம் ஆண்டு. ஆதித்தன் அவனுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் பிற்பட்டவன், பல்லவர்க்குப் பகைவன். தோற்ற குலத்தின் கொடையை நீக்கித் தன் கொடையாக ஒன்றைப் புதிதாக நிறுவியிருக்கலாம். பகைவன் பெயரை மறைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், முதலில் தந்தவன் இன்னான், இடையில் காத்தவன் இன்னான் என்று தன் கல்வெட்டிலேயே கூறினான். ஸ்கந்தசிஷ்யனின் பெயர் இன்று நம் நாவில் வருவதற்கு அவன் கொடை மட்டும் காரணமன்று. அக்கொடையைக் காத்த பிறரும் காரணர்.

சொல்லும் பொருளும்

புகழ் என்பது புகழப்படுதல். பிறர் நாவில் நிகழ்வது. இசை என்னும் பழஞ்சொல் ஓசையையும் புகழையும் ஒருங்கே குறிக்கும். வடமொழிக் கீர்த்தியும் எடுத்துரைத்தல் என்னும் பொருளிலிருந்து வந்ததே. ஆங்கிலத்தார் வழங்கும் 'ஃபேம்' என்னும் சொல்லோ, பேச்சு, வதந்தி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அது நற்பெயரையும் குறித்தது, ஊர்ப்பேச்சையும் குறித்தது. ஆக, எங்கோ தொலைவில் வாழ்ந்த இரு மக்களும் புகழ் என்பது காற்றில் உலவும் ஒலியே என்று கண்டிருக்கின்றனர்.

ஆனால் அவர்களிடம் வேறொரு சொல்லும் இருந்தது. இன்று கடவுள் வழிபாட்டைக் குறிக்கும் 'வொர்ஷிப்' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் தகுதியுடைமை என்பது. 1485இல் அச்சேறிய மாலோரியின் ஆர்தர் மன்னன் கதைகளில் வீரர்கள் தேடித் திரிவது இந்த மதிப்பையே. ஒன்று பிறர் வாயில் உள்ளது. மற்றொன்று தன் தகுதியில் வேர்கொண்டது.

கழுகு தூக்கிச் சென்ற புலவர்

1400ஆம் ஆண்டில் மறைந்த ஆங்கிலப் புலவர் ஜெஃப்ரி சாசர், ஏறத்தாழ 1380ஆம் ஆண்டளவில் 'புகழின் இல்லம்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு கனவுக் காவியம் இயற்றினார். அது முற்றுப்பெறவில்லை. அதில் பெருங்கழுகு ஒன்று புலவரைத் தன் கால்களில் பற்றி வானத்தே தூக்கிச் செல்கின்றது. கழுகின் பெயரால் வழங்கும் ஊரிலிருந்து தொடங்கிய நாமும் அதனுடன் சற்றுச் செல்வோம்.

புகழ்த்தேவியின் மாளிகை ஒரு பனிக்கட்டிப் பாறையின்மேல் நிற்கின்றது. பாறையில் புகழ்பெற்றோர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. ஒருபுறத்துப் பெயர்கள் வெயிலில் உருகிப் படிக்க இயலாமற் போயின. மாளிகையின் நிழல் விழும் மறுபுறத்துப் பெயர்கள் புத்தம் புதியனவாய் உள்ளன. வேறுபாடு தகுதியால் வந்ததன்று, நிழலால் வந்தது. உள்ளே கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து தேவியிடம் வேண்டுகின்றனர். நல்லன செய்த ஒரு கூட்டத்திற்கு எப்புகழும் இல்லை என்கின்றாள். அவ்வாறே நல்லன செய்த அடுத்த கூட்டத்தைப் பழிக்கின்றாள். மூன்றாம் கூட்டத்திற்குத் தகுதிக்கு மேற்பட்ட புகழை ஊதச் செய்கின்றாள். நன்மையை நன்மைக்காகவே செய்தோம், எங்கள் பெயரை மறைத்துவிடுக என்று வேண்டியவர்களிலும் ஒரு சாராருக்கு இசைந்து, மறு சாராரின் பெயரை எங்கும் பரப்புகின்றாள்.

நீயும் புகழ் நாடி வந்தாயோ என்று ஒருவன் வினவியபோது புலவர் தரும் விடை நம் உள்ளத்தைத் தொடுகின்றது. தம் நிலையைத் தாமே நன்கு அறிவதாகவும், இறந்தபின் தம் பெயரை எவரும் கையிலெடுக்காதிருந்தால் போதும் என்றும் அவர் உரைக்கின்றார்.

அக்காவியம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள், 1387-88இல், காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேன முனிவரின் அறிவுரைப்படி சங்கீத மண்டபத்தைக் கட்டுவித்தார். கல்வெட்டு இருவர் பெயரையும் சொல்கின்றது. செய்தவர் பெயர் தனித்து நில்லாமல், செய்வித்தவர் பெயருடன் இணைந்து நிற்கின்றது.

ஆகமம் காட்டும் விடை

தகுதியுடையார்க்குப் புகழ் வாராமையும் தகாதார்க்கு வருதலும் ஏன் என்று ஆங்கிலப் புலவர் வியந்தார். தேவியின் மனம்போன போக்கு என்று அமைந்தார். நம் ஆகமம் அதற்குக் காரணம் கூறுகின்றது. எண்வகை வினைகளுள் ஒன்று நாமகர்மம். உடலின் அமைப்பு, நடை, குரலின் இனிமை ஆகியவற்றைத் தருவது அதுவே. அதன் பிரிவுகளில் யசஸ்கீர்த்தி, அயசஸ்கீர்த்தி என்னும் இரண்டையும் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகின்றது. இனிய குரல் எவ்வாறு பண்டை வினையின் பயனோ, அவ்வாறே புகழும் ஒரு வினைப்பயன். இன்று செய்த கொடைக்கு இன்றே புகழ் வாராதது கண்டு வருந்துவோரும், செய்யாத செயலுக்குப் பழி வந்தது கண்டு கலங்குவோரும் இதனை நினைதல் நன்று.

இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. நாமகர்மம் அகாதி வினை. அது ஆன்மாவின் இயற்கைக் குணங்களைக் கெடுப்பதில்லை. ஆகவே புகழ் வந்தாலும் ஆன்மாவுக்கு ஏற்றமில்லை, பழி வந்தாலும் தாழ்வில்லை. ஆனால் புகழ் வந்தவிடத்து எழும் செருக்கும், வாராதவிடத்து எழும் வேட்கையும் மோகனீயத்தைச் சேர்ந்தவை. மோகனீயம் காதி வினை. அது ஆன்மாவின் காட்சியையும் ஒழுக்கத்தையும் கெடுக்க வல்லது. புகழால் எவரும் கெடுவதில்லை, புகழ்ப்பசியால் கெடுகின்றனர்.

மானம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். திருக்குறளில் மானம் பெருமைக்குரிய பண்பு; குடிப்பிறந்தார் இழிசெயலுக்கு அஞ்சும் உள்ளம். நம் ஆகமத்திலோ குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் ஒன்று. தமிழும் ஆகமமும் ஒருங்கே பயின்ற நமக்கு இவ்விரண்டு பொருளும் ஒரே சொல்லில் ஒலிக்கின்றன. இழிசெயலைச் செய்யாதிருக்க எழும் மானம் காக்கத்தக்கது. என் பெயர் மூன்றாவதா என்று எழும் மானம் களையத்தக்கது. முன்னது செயல் செய்யுமுன் எழுந்து நம்மைத் தடுப்பது. பின்னது செயல் முடிந்தபின் எழுந்து பிறரோடு மோதுவது. இந்த ஒன்றைக் கொண்டே இரண்டையும் பிரித்தறியலாம்.

சுவாமி சமந்தபத்திரர் அருளிய ரத்னகரண்டக சிராவகாசாரம் எட்டு மதங்களை எண்ணும்போது, பிறரால் பூசிக்கப்படுதலால் வரும் செருக்கையும் அறிவால் வரும் செருக்கையும் சேர்த்தே எண்ணுகின்றது. நம் முன்னோர் ஏலாசாரியர் அருளியதாகப் போற்றும் திருக்குறளின் வைப்புமுறையும் நோக்கத்தக்கது. ஈகை 23ஆம் அதிகாரம், புகழ் 24ஆம் அதிகாரம். அதனோடு இல்லறவியல் முடிகின்றது. 25ஆம் அதிகாரமாகிய அருளுடைமையில் துறவறவியல் தொடங்குகின்றது. புகழ் ஈகையின் பின்னே வருகின்றது, துறவின் வாயிலில் நின்றுவிடுகின்றது. இல்லறத்தார்க்குப் புகழ் விலக்கப்பட்டதன்று. அவர்களோடு அது இறுதிவரை வருவதுமன்று.

பெயர் எதற்காக?

அங்ஙனமாயின் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாகாதோ? அவ்வாறு கூற நம்மால் இயலவில்லை. கழுகுமலையில் திருமேனி செய்வித்தோர் பெயர்கள் பாறையில் இல்லையேல், அங்கே குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்கள் விளங்கியதை நாம் எங்ஙனம் அறிவோம்? செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றத்தில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த செய்தியை ஒரு சிறு கல்வெட்டே நமக்குச் சொல்கின்றது. அதில் குலப்பெருமை இல்லை, பட்டங்கள் இல்லை. பெயரும் நாளும் நோன்பும் மட்டுமே உள்ளன. அவர் தம் பெயரைத் தாமே வெட்டி வைத்திருக்க இயலாது, உடனிருந்தோர் வெட்டினர். எண்ணிக்கையில் சிறுத்துப்போன நம் சமுதாயத்தின் வரலாற்றைத் தாங்கி நிற்பவை இத்தகைய பெயர்களே.

ஆகவே பெயர் பொறித்தலைக் குற்றம் என்னாமல், அது எதற்காக என்று கேட்பதே முறை. பழங்கல்வெட்டுகளில் பெயர் அறத்திற்குச் சான்றாக நின்றது. தந்தவர் யார், தந்தது எவ்வளவு, எதற்காக, இனிக் காப்பவர் யார் என்பவற்றோடு சேர்ந்தே அது வந்தது. நம் காலத்து மின்விசிறியிலும் குழல்விளக்கிலும், விளக்கின் ஒளியையே மறைக்கும் அளவு பெரிதாக எழுதப்படும் பெயர் எதற்குச் சான்று? அங்கே பெயருக்கு அறம் பணி செய்கின்றது.

இனிவரும் திருப்பணிகளில் மூன்று நெறிகளை மேற்கொள்ளலாம் என நாம் கருதுகின்றோம். முதலாவது, எத்துணைச் சிறிய கொடையாயினும், பெயர் விரும்பாதவர் தந்ததாயினும், பொருள், நிறை, நாள், நோக்கம் ஆகியவற்றை ஆலய ஏட்டில் பதிவு செய்தல். பெயரை வெளியிடாமலே அறத்தைக் காக்க இது வழி. இரண்டாவது, புதிய கல்வெட்டில் முதல் வரியை இப்பொழுது தந்தவர்க்குத் தராமல், முன்னர்த் தந்தவர்க்கும் காத்தவர்க்கும் தருதல். ஆதித்த சோழன் பகைக்குலத்தானுக்குச் செய்ததை நாம் நம் பாட்டனார்க்குச் செய்தல் அரிதன்று. மூன்றாவது, தந்தவர் தம் பெயரைத் தாமே கேளாதிருத்தல். பிறர் பொறித்தால் மறுத்துப் பூசலிடாதும் இருத்தல். கேட்டுப் பெறும் புகழ் நிதானம் என்னும் சல்லியத்திற்கு மிக அருகில் நிற்பது.

தன்னைப் புகழ்தலும் பிறரை இகழ்தலும் நீச கோத்திரத்திற்குக் காரணம் என்று ஆசாரியர்கள் கூறினர். பிறர் குறையை மறைத்தலை உபகூகனம் என நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாக வைத்தனர். புகழைப் பற்றி நமக்கு இடப்பட்ட கடமை இதிலேயே அடங்கியுள்ளது. நம் புகழ் நம் கையில் இல்லை. பிறர் புகழோ நம் கையில் இருக்கின்றது.

திருக்கழுக்குன்றத்திற்குப் பல தலைமுறைகளாக நண்பகலில் வந்து உணவு கொண்ட கழுகுகள் 1990களின் பிற்பகுதிக்குப் பின் வருவதில்லை. ஊரார் அவற்றின் பெயரை இன்றும் காத்து வருகின்றனர். நம் ஊரில் காணாமற்போன விளக்கைத் தந்த மூதாட்டியின் பெயரை அறிந்தோர் எவரேனும் இருப்பின், அதனை ஆலய ஏட்டில் எழுதுவிப்பாராக. அவர் அதை விரும்பவில்லை. ஆயினும் அதனைக் காப்பது அவர் கடமையன்று, நம் கடமை.