பெரியப்பாவின் கவிதை அழியவில்லை

பழைய கணினியில் பெரியப்பா தட்டிவைத்த கவிதைகளைப் புதிய மடிக்கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தெரிகிறது. வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அழிக்காதீர்கள். பெரும்பாலும் அதில் ஓர் எழுத்துகூடக் கெட்டிருக்காது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. திரையில் நாம் ‘அ’ என்று படித்தது கணினிக்கு ‘எம்’தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘எம்’ அப்படியே வெளியே தெரிகிறது, அவ்வளவே. உலக மொழிகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு 1991-லேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. ஆனால் அது வீட்டுக் கணினிகளுக்கு வந்து பழக்கமாக மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில்தான் எத்தனையோ வீடுகளில் கவிதையும் நாடகமும் சமையல் குறிப்பும் தட்டப்பட்டன. அச்சேறாதவை அவை, வேறு பிரதி எங்கும் கிடையாது.

மீட்பது கடினமில்லை. அதே எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம்; எழுத்துரு மாற்றியில் இட்டால் யூனிகோடாகிவிடும். எந்த எழுத்துரு என்பதில்தான் சிக்கல். பாமினிக்கான மாற்றி, திஸ்கி என்ற இன்னொரு பழைய குறியீட்டு முறைக்கு உதவாது. எழுதியவரைக் கேட்பதே சுருக்கு வழி. பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாற்றிய பின் கொம்பும் ஒற்றும் இடம் மாறியிருக்கின்றனவா என்று அவரே ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். மூலக் கோப்பையும் தனியே ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள்.