நீதிக்குத் திரை வேண்டுமா?

பெண் என்பதற்காகப் பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இழந்த பதவியை நீதிமன்றம் வாங்கித் தரலாம். ஆனால் அடுத்த அலுவலகத்தில், 'வழக்குப் போடுகிறவள்' என்று முணுமுணுப்பவர்களின் வாயை யார் மூடுவது? ஆகவே, பெயரை மறைத்துவிடு என்கிறது இரக்கம். அறிவு சற்றே தயங்குகிறது.

சென்னையில் படித்து, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி சி. பி. முத்தம்மா. அந்தப் பணியில் ஒரு விதி இருந்தது. பெண் அதிகாரி மணம் செய்துகொள்ள அரசின் அனுமதி வேண்டும். மணமான பின் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவள் விலகச் சொல்லப்படலாம். ஆணுக்கு இப்படி ஒரு விதி இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் முத்தம்மா தம் பெயரிலேயே உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு முடியுமுன்பே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டு, இனி வழக்கு எதற்கு என்றது. 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் வழக்கைத் தள்ளினார். ஆனால் அந்த விதிகளின் அநீதியைத் தீர்ப்பில் எழுதி வைத்துவிட்டே தள்ளினார். காதோடு காதாகப் பேசித் தீர்த்திருந்தால் ஒருவருக்குப் பதவி கிடைத்திருக்கும். பின்னால் வந்த பெண்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

ஆனால் எல்லாக் காயங்களும் ஒன்றல்ல. பணியிடத்தில் பாலியல் தொல்லை, பெண்ணின் சமத்துவ உரிமையையே மீறுவது என்று 1997-ல் விசாகா வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. அந்தக் காயத்தை ஊர் நடுவே காட்டு என்று எப்படிச் சொல்வது? 2013-ல் வந்த சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புகார் செய்தவள், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் ஆகியோர் யாரென்று வெளியிடக் கூடாது என்கிறது. கிடைத்த நீதியை மட்டும், அவளும் சாட்சிகளும் யாரென்று தெரியாதபடி வெளியிடலாம் என்றும் இடம் தருகிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்த ஒரே திரையின் பின்னால் இருவர் நிற்கிறார்கள். அவள் மானத்துக்காக நிற்கிறாள். அவனோ? குற்றம் மெய்ப்படும் வரை அவனுக்கும் மறைவு நியாயமே. பொய்ப் பழியும் உலகில் உண்டு. மெய்ப்பட்ட பிறகும் அலுவலகம் வாய் திறக்கவில்லை என்றால், அந்தத் திரை யாருக்காகத் தொங்குகிறது? 'வெளியிடலாம்' என்ற சொல்லில் கருணை இருக்கிறது; கட்டாயம் இல்லை.

தன் பெயரைச் சொல்வதா, வேண்டாமா என்பதைப் புண்பட்டவளே முடிவு செய்யட்டும். எல்லாரும் முத்தம்மாவாக இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் நாளை அதே நாற்காலியில் வந்து உட்காரப் போகும் பெண்ணுக்கு, நேற்று அங்கே என்ன நடந்தது, என்ன தீர்ப்பாயிற்று என்பது தெரிய வேண்டும். அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு.