வியாதிக்காரரும் அவரைப் பராமரிப்பவரும்



உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நோயாய் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டிலண்டை வருகிற நர்சம்மாளுக்கு வேறு ஊர், வேறு பாஷை. வயதிலே பேத்தி போன்றவள். ஒருவேளை வேறு மதம், வேறு குலம். பெரியவரோ போன வாரம் வரையில் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேருக்குப் புத்தி சொன்னவர். இன்று அந்தப் பெண்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், அழுக்குத் துணியை மாற்றவேண்டும், வலிக்கிற இடத்தில் கை வைக்கவேண்டும். இருவருக்கும் நடுவே இருக்கிற இத்தனை வித்தியாசங்களும் அவருக்குக் கிடைக்கும் பராமரிப்பைக் கெடுக்குமா? கெடுக்குமானால், விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார்?

இந்தக் கேள்வி புதிதல்ல. 300 வருஷங்களுக்கு முன்பே இதே புதுச்சேரிப் பட்டணத்தில் எழுந்து, ரோமாபுரி வரைக்கும் போன கேள்வி இது.

1703-ம் வருஷம் நவம்பர் மாதம் பாப்பரசரின் பிரதிநிதியாகிய தூர்நோன் ஆண்டகை சீன தேசம் போகும் வழியில் இங்கே வந்து இறங்கினார். உள்நாட்டு மிஷன்களை நேரில் பார்க்க ஆசைப்பட்டும் தேக அசௌக்கியத்தால் முடியாமல் பட்டணத்திலேயே தங்கினார். தங்கியிருந்து விசாரித்து, 1704 ஜூன் 23-ந் தேதி ஒரு கட்டளை எழுதினார். மலபார் சடங்குகள் என்று சரித்திரத்தில் பேர்போன தகராறு அதிலிருந்து பெருத்தது. கட்டளையில் தாலியைப் பற்றியும் விபூதியைப் பற்றியும் கலியாணச் சடங்குகளைப் பற்றியும் பல விதிகள் உண்டு. அவற்றைப் பற்றி எழுதாத பண்டிதர் இல்லை. நமக்கு வேண்டியது வியாதிக்காரரைப் பற்றிய விதி. தாழ்த்தப்பட்ட குலத்துக் கிறிஸ்தவன் நோயாய்க் கிடந்தால், குருவானவர் அவன் வீட்டுக்கே போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கவேண்டும் என்பது அது.

இதற்கு ஒரு கட்டளை ஏன் தேவைப்பட்டது? அந்நாட்களில் மதுரை, கர்நாடக மிஷன்களின் சேசு சபைக் குருக்கள் சந்நியாசிகளைப் போல் உடுத்தி, மாமிசம் நீக்கி வாழ்ந்தார்கள். சேரிக் குடிசைக்குள் நுழைந்தார்கள் என்று தெரிந்தால் மேல்குலத்தார் தங்கள் வாசலில் அவர்களைச் சேர்க்கமாட்டார்கள். ஆகையால் வியாதிக்காரனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கோவிலுக்கோ வேறொரு பொதுவான இடத்துக்கோ வரச் சொல்வதும், குருவானவர் அங்கே காத்திருந்து அவனை ஆயத்தம் செய்வதும் வழக்கமாயிற்று.

அந்தக் குருக்களைக் குறை சொல்வது நமக்குச் சுலபம். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அர்ச். அருளானந்தர் அந்தச் சபையைச் சேர்ந்தவர்தானே! சுகபோகத்துக்காகக் கப்பலேறி வந்தவர்கள் அல்ல அவர்கள். ஒரு குடிசைக்குள் போனால் நூறு வீடுகள் அடைபட்டுப் போகும், நூறு ஆத்துமங்கள் நஷ்டமாகும் என்று நல்ல மனதோடுதான் கணக்குப் போட்டார்கள். ஆனாலும் கட்டிலில் தூக்கிவரப்பட்டவன் பக்கத்திலிருந்து பாருங்கள். சாகிற தறுவாயில், வெயிலில், நாலு பேர் தோளில் ஆடிக்கொண்டு வருகிறான். பாவசங்கீர்த்தனம் கேட்கப்படுகிறது, அவஸ்தைப்பூசுதல் கிடைக்கிறது. அனுமானத்தின் பலன் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. கூடவே அவன் வேறொன்றையும் அறிந்துகொள்கிறான்: தேவ இஷ்டப்பிரசாதம் தன்னிடம் வரும், அதைக் கொண்டுவருகிற மனுஷர் தன் வீட்டுக்குள் வரமாட்டார். ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு. ஊசி சரியாய்ப் போடப்படும், மாத்திரை நேரத்துக்கு வரும். கொடுக்கிற கை மாத்திரம் எட்டவே நிற்கும்.

கப்பர்நகூமின் நூற்றுவர் தலைவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் அந்நிய ஜாதியான். அவன் வேலைக்காரன் நோயாய்க் கிடக்கிறான். யூதர் அந்நியர் வீட்டுக்குள் நுழைவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் ஆண்டவர் தன் கூரையின் கீழ் வரத் தான் பாத்திரன் அல்ல என்று தாழ்ந்து பேசுகிறான். ஆனால் அவன் அப்படிப் பேசுவதற்கு முன்பே, தாமே வந்து குணமாக்குவதாகச் சேசுநாதர் சுவாமி சொல்லிவிட்டார் என்று அர்ச். மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். அவர் போகத் தயாராயிருந்தார். வேண்டாம் என்றவன் அவன்தான். தாழ்ச்சி அவனுடையது, நமது தயக்கத்துக்குப் போர்வையாக அதை எடுத்துக்கொள்ள நமக்கு அதிகாரம் கிடையாது. ஒவ்வொரு பூசையிலும் நற்கருணை வாங்குமுன் அவன் வார்த்தையைத்தான் நாமும் சொல்லுகிறோம்.

புதுச்சேரிக் கட்டளைக்குப் பிறகு 40 வருஷம் வழக்கு நடந்தது. 1744-ல் பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பர் முடிவான நிருபத்தை வெளியிட்டார். அப்போது ஏற்பட்ட ஏற்பாடு என்ன தெரியுமா? தாழ்த்தப்பட்டவர்களுக்கென்றே தனியாகச் சில குருக்களை நியமிப்பது. அவர்கள் சேரிக்குப் போவார்கள், குடிசைக்குள் நுழைவார்கள், மற்றவர்கள் பழையபடியே இருப்பார்கள். வியாதிக்காரனுக்கு இதனால் லாபந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. என்றாலும் எனக்கு இது பாதி வழியில் நின்றுவிட்ட தீர்ப்பாகவே படுகிறது. ஒரு வித்தியாசத்தைத் தாண்டுவதற்குப் பதிலாக அதற்கென்று தனி உத்தியோகஸ்தர்களை ஏற்படுத்தினால், அது இன்னும் ஆழமாய் வேர்விடும். அடுத்த வருஷமே, 1745-ல், நம் சம்பா கோவிலுக்குள் ஜனங்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றித் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் பெரிய சுவாமியாரிடம் முறையிட்டதையும், சுவர் இடிபட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவரை இடித்தது குடிசைக்குள் நுழைவதைவிட எளிதாயிருந்ததோ என்னவோ!

அப்படியானால், வியாதிக்காரருக்கு அவரைப் போன்ற ஒருவரையே பணிவிடைக்கு வைப்பது எப்போதும் தப்பா? அவசரப்பட்டு ஆமென்று சொல்லிவிடாதீர்கள். நம் பக்கத்துத் திண்டிவனத்தில் 1890-களில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே அமெரிக்க மிஷன் வைத்தியர் ஸ்கடர் என்பவரின் குமாரத்தி ஐடா வந்து தங்கியிருந்தார். ஒரே இராத்திரியில் மூன்று புருஷர்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவ வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் மகமதியர், மூன்றாமவரும் மேல்குலத்து இந்து. அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் தெரியாது. தெரிந்த தகப்பனாரைக் கூட்டிப்போங்கள் என்றால், ஆண்பிள்ளை வரக்கூடாது என்று திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று ஸ்திரீகளும் இறந்தார்கள். ஐடா சீமைக்குத் திரும்பி வைத்தியம் படித்து வந்து வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார். 1909-ல் அங்கே நர்ஸ் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் தொடங்கின. அவர்கள் பிராட்டஸ்டாண்டு சபையார். நன்மையை நன்மை என்று சொல்ல நமக்கென்ன தடை? நம் திருச்சபையிலே கன்னியர் பிரசவ வைத்தியம் செய்வதற்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. இந்திய ஸ்திரீகளின் நிலையைக் கண்டு மனம் நொந்த கத்தோலிக்கப் பெண் வைத்தியர்கள் விடாமல் மன்றாடியதன் பின், 1936-ல் ரோமாபுரி அந்த விலக்கை நீக்கி உற்சாகப்படுத்தவும் செய்தது.

திண்டிவனத்துப் பெண்களுக்கு ஒரு பெண்ணின் கை வேண்டியிருந்தது. வேலூர் அதைக் கொடுத்தது. இதை யாரும் குற்றம் சொல்லமாட்டோம். பின் இதற்கும் 1744-ன் ஏற்பாட்டுக்கும் என்ன பேதம்? நான் யோசித்துக் கண்டது இதுதான். பிரசவிக்கிற ஸ்திரீ ஒரு பெண்ணைக் கேட்பதால் எந்த ஆண்மகனும் இழிவடைவதில்லை. அவள் தன் நாணத்தைக் காத்துக்கொள்கிறாள், அவ்வளவே. தன் பாஷை தெரிந்தவரைக் கேட்கிற கிழவியும் அப்படித்தான். குலத்தைப் பார்த்து ஒருவரை வேண்டாம் என்று சொல்லும்போதோ, சொல்லுகிறவருக்கு ஒரு சுகமும் கூடுவதில்லை. எதிரே நிற்பவர் மனுஷத்தன்மையிலிருந்து ஒரு படி கீழே தள்ளப்படுகிறார். முதலாவதை ஆஸ்பத்திரி கூடியமட்டும் நிறைவேற்ற வேண்டும். இரண்டாவதற்கு இடங்கொடுக்கலாகாது.

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. மாஹே மலையாளமும் ஏனாம் தெலுங்கும் பேசுகின்றன. நமது பிரதேசம் தமிழர்களால் மட்டும் ஆனது அல்ல. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்து, 1964-ல் ஜவகர்லால் பெயரைப் பெற்ற கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பல மாநிலத்து நர்சுகள் வேலை செய்கிறார்கள். அங்கே வருகிற வியாதிக்காரரில் பெரும்பாலோர் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். கேரளத்திலிருந்து புதிதாய் வந்த பெண் ராத்திரி பனி இருந்ததா என்று கேட்டால், பாட்டி மார்கழிப் பனியைத்தானே நினைப்பாள்? சிரிப்பாயிருக்கும், ஆனால் காய்ச்சல் இல்லை என்று குறிப்பில் ஏறிவிட்டால் சிரிப்பில்லை. கூட இருக்கிற நாம் நடுவே புகுந்து விளக்கிச் சொன்னால் அரை நிமிஷத்தில் தீருகிற விஷயம் இது.

தமிழே பேசினாலும் ஆபத்து உண்டு. பென்ஷன் வாங்குகிற கனவானை ‘சார், சாப்பிட்டீங்களா’ என்றும், அடுத்த கட்டிலில் கிடக்கிற கூலிக்காரக் கிழவியை ‘மாத்திரை போட்டியா இல்லியா’ என்றும் கேட்கிற வாய் ஒரே வாய்தான். கிழவி என்ன செய்வாள்? காசில்லாமல் பத்து நாள் மாத்திரையை நிறுத்தியிருப்பாள். ‘ஏன் நிறுத்தினே’ என்று நாலு பேர் முன்னால் அதட்டுவார்களே என்று பயந்து, போட்டேன் என்றே சொல்லிவிடுவாள். மருந்து கேட்கவில்லையென்று எண்ணி வைத்தியர் அளவைக் கூட்டுவார். ஒரு ‘ங்க’ குறைந்ததால் வந்த வினை! நம் பங்கிலும் நர்சுப் பணி செய்கிற பெண்மக்கள் இருக்கிறார்கள். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேராய் இராமுழுதும் ஓடுகிறவர்களுக்கு நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. இந்த ஒன்றை மாத்திரம் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி வியாதிக்காரர் பக்கம் வருவோம். ‘எந்த ஊரும்மா? அப்பா என்ன வேலை? எந்தத் தெரு?’ என்று நர்சை அன்பாய் விசாரிப்பதுபோல் விசாரித்து, நாம் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம் என்பது நமக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். படுத்த படுக்கையிலும் இது நம்மை விடுவதில்லை.

கடினமான நிலைமை ஒன்று உண்டு. மரணப் படுக்கையிலிருக்கும் ஒரு கிழவர், குலத்தைத் தெரிந்துகொண்டு, அவள் கையால் தண்ணீர் வேண்டாமென்று முகத்தைத் திருப்புகிறார். என்ன செய்வது? சாகிறவரோடு வாதாடலாமா? சத்தமில்லாமல் வேறு நர்சை மாற்றிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது, கிழவர் நினைத்தது சரிதான் என்று ஆஸ்பத்திரியே சொல்வதாகும். என் அபிப்பிராயம் இது: தாகம் தாகந்தான், தண்ணீர் யார் கையாலாவது உடனே கொடுக்கப்படட்டும். அந்தப் பெண் மட்டும் அந்தக் கட்டிலைவிட்டு அனுப்பப்படக்கூடாது. அவள் வெட்கப்பட வேண்டியது ஒன்றுமில்லை. பேசவேண்டியவன் பக்கத்தில் நிற்கிற மகன். ‘அப்பா, இவங்கதான் மூணு ராத்திரியா உங்களைப் பார்த்துக்கிறாங்க’ என்று அவன் வாய் திறந்து சொல்லவேண்டும். அப்பா மனசு நோகுமே என்று மகன் மௌனமாயிருப்பதைப் பெற்றோரைச் சங்கித்தல் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நாலாங் கற்பனைக்கு அப்படி அர்த்தம் இல்லை.

இதெல்லாம் ஆஸ்பத்திரி விஷயம், நமக்கென்ன என்று தள்ளிவிடவும் முடியாது. பிள்ளைகள் பிரான்சிலோ சென்னையிலோ இருக்க, நம் வீடுகளில் எத்தனையோ தாய்மாரைச் சம்பளத்துக்கு வந்த ஓர் அம்மாள்தான் குளிப்பாட்டி, தலை சீவி, வாயில் கஞ்சி ஊட்டுகிறாள். அம்மாவின் வாய்க்கு ஆகிற அந்தக் கை, நம் வீட்டுப் பாத்திரத்துக்கு மட்டும் ஆகாது. அவளுடைய காப்பி டம்ளர் கொல்லைப்புறத்துச் சன்னலில் தனியே கவிழ்ந்திருக்கிறது. வருகிற முதல் வெள்ளிக்கிழமை குருவானவர் வியாதிக்காரருக்கு நற்கருணை கொண்டு உங்கள் வீட்டுக்குள் வரும்போது, அந்த அம்மாள் உங்களோடு கட்டிலண்டை நிற்கிறாளா, அல்லது பின்கட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறாளா என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.