கட்டிக்கொள்ளச் சொன்னவர்

1985 மே மாதம் அமெரிக்காவின் சிபிஎஸ் காலைச் செய்தி நிகழ்ச்சிக்கு இரண்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் கேரி டாட்ஸன், செய்யாத வன்புணர்வுக்காக ஆறாண்டுகள் சிறையில் இருந்தவர். இன்னொருவர் கேத்லீன் வெப், பதினாறு வயதில் அந்தக் குற்றச்சாட்டைப் புனைந்து, பின்னர் பொய் என்று ஒப்புக்கொண்டவர். பேட்டி எடுத்த ஃபில்லிஸ் ஜார்ஜ் இருவரையும் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கோரிக்கை யாருடைய தவறு?

ஜார்ஜ் 1971இன் 'மிஸ் அமெரிக்கா'. 1975இல் அதே நிறுவனத்தின் 'தி என்எஃப்எல் டுடே' நிகழ்ச்சிக்கு வந்தார். அமெரிக்கக் கால்பந்து பற்றிப் பெரும்பாலும் ஆண்களே பேசிக்கொண்டிருந்த இடம் அது. அழகிப்பட்டக்காரிக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற முணுமுணுப்புக்கு நடுவே, அவர் தனக்கென ஒரு வழி கண்டார். வீரர்களிடம் புள்ளிக்கணக்கைவிட அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார். அவர்களும் மனம் திறந்தார்கள். அது திறமைதான். ஆனால் நிர்வாகம் அதற்கு 'கனிவு' என்று பெயர் வைத்தது. பார்வையாளர் எண்ணிக்கையில் பின்தங்கிக் கிடந்த காலைச் செய்தியைத் தூக்கி நிறுத்த, 1985 தொடக்கத்தில், செய்தித்துறைப் பயிற்சி இல்லாத அவரை அங்கே உட்கார வைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் வெளியேறினார். அமர்த்தியவர்களின் கணக்குப் பிழை, அவருடைய தகுதியின்மையாக எழுதப்பட்டது.

அவருக்காக வாதாடத்தான் என் மனம் முதலில் ஓடியது. விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் கூலிக்குச் செய்யப்படும் உழைப்பே என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983இலேயே எழுதிவிட்டார். கனிவை விலைக்கு வாங்கியவர்கள், அது சறுக்கியதும் விற்றவளை மட்டும் தண்டித்தார்கள். இந்த வாதத்தில் பிழையில்லை.

ஆனால் அதில் டாட்ஸனுக்கு இடமில்லை. அப்போது ஆளுநர் அவருடைய தண்டனையைக் குறைத்திருந்தார், அவ்வளவுதான். சட்டத்தின் ஏட்டில் அவர் இன்னும் குற்றவாளி. அந்த நிலையில் அவரிடம் மன்னிப்பின் காட்சி ஒன்று கேட்கப்பட்டது. பெண்கள் பொய்ப்புகார் சொல்வார்கள் என்போருக்கு இந்த வழக்கு ஆயுதமாகிவிடும் என்று பயந்து நாம் இதைப் பேசாமல் கடந்துவிடுகிறோம். ஒரு பொய் அவருடைய ஆறாண்டுகளைத் தின்றது என்று சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும். மெய்யான புகார்களின் மதிப்பு அதனால் குறையாது.

எனக்கு இது தூரத்துக் கதையல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு, தன்னைப் பற்றி ஒரு மாணவன் வகுப்பு வாட்ஸப் குழுவில் எழுதியதைக் காட்ட ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். அவனையும் கூப்பிட்டேன். தலைகுனிந்து "சாரி" என்றான். "சரிம்மா, முடிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்க" என்றேன். அவள் கொடுத்தாள். பிறகு கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வெளியே போனாள். படிப்பு முடியும்வரை என் அறைப்பக்கம் வரவில்லை.

"நீங்க பேசினா எல்லாம் சரியாயிடும் மேடம்" என்று துறையில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். புகார் எழுத்தில் வராமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் பாராட்டுக்குள் அடங்கிய வேலை என்று அன்று புரியவில்லை. என்மேல் சுமத்தப்பட்ட கனிவை நான் அவள்மேல் சுமத்தினேன்.

ஜார்ஜின் கோரிக்கையில் அவருக்கும் பங்குண்டு, அவரை அங்கே உட்கார வைத்தவர்களுக்கும் பங்குண்டு. அவருடைய பங்கை மறுத்தால், அவர் தானாக எதையும் செய்யத் தெரியாதவர் என்றாகும். அதைத்தான் அவரை இகழ்ந்தவர்களும் சொன்னார்கள்.

டாட்ஸனுக்கு விடுதலையை 1989இல் மரபணுச் சோதனை தந்தது. அவருக்குத் தேவைப்பட்டது அதுதான். இப்போது என் அறைக்கு யாராவது அப்படி வந்தால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைக்கிறேன். "இதுல என்ன நடக்கணும்னு நீ நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.