பாடியவர் பெயரைச் சொல்வதும் வழிபாடு

முக்கூடலுக்குப் பக்கத்தில், கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. அங்கே நாறும்பூநாதர் சாய்ந்த நிலையில் இருக்கிறார். ஆற்றில் வெள்ளம் கரைபுரண்ட ஒரு நாளில் கருவூர்ச் சித்தர் எதிர்க்கரையில் நின்றே குரல் கொடுத்தார் என்றும், அந்தக் குரல் காதில் விழவேண்டும் என்று இறைவன் தலையைச் சாய்த்தார் என்றும், பிறகு நிமிரவே இல்லை என்றும் தலபுராணம் சொல்கிறது. இதே சித்தரைப் பற்றி இந்தப் பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. திருநெல்வேலிக்கு வந்து நெல்லையப்பரை அழைத்தார், பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டு மானூருக்குப் போய்விட்டார். நெல்லையப்பர் அவரைத் தேடி மானூருக்கே போய்க் காட்சி கொடுத்தார். ஆவணி மூலத்தில் மானூரில் இந்த நிகழ்ச்சியை இன்றும் நடத்துகிறார்கள். இரண்டு கதைகளிலும் கடமை கேட்பவர் தலையில்தான் விழுகிறது. குரல் வந்தால் காது கொடுக்க வேண்டும். காது கொடுக்கத் தவறினால் தேடிப்போக வேண்டும். கடவுளுக்கே இந்த விதி என்றால், சாமிக்காகப் பாடும் கலைஞர்களின் குரலைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, யார் பாடினார் என்றுகூட விசாரிக்காமல் அடுத்ததற்குப் போய்விடும் நமக்கு என்ன விதி? இந்தக் கேள்வியை நான் சமயக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன், இசக்கி, சாஸ்தா கோயில்களிலும் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு உண்டு. பல இடங்களில் கணியான் கூத்தும் உண்டு. வில்லும் வீசுகோலும், குடமும் உடுக்கையும், ஜால்ராவும் கட்டையும் சேர்ந்து இரவெல்லாம் ஒரு தெய்வத்தின் கதையை நடத்திக்கொண்டு போகும். கொடை நோட்டீஸை எடுத்துப் பார்த்தால் வில்லிசைக் குழுத் தலைவரின் பெயர், அவருடைய ஊர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஊர் அவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. அதே இரவின் ஒலி இணையத்தில் ஏறும்போது பெரும்பாலும் கோயிலின் பெயர் இருக்கும், சாமியின் பெயர் இருக்கும், ஏற்றியவரின் அலைவரிசைப் பெயர் இருக்கும். பாடியவரின் பெயர் இருக்காது. குடம் அடித்தவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊர் மறக்காத பெயரை இணையம் மறக்கிறது. இதைச் சரிசெய்ய நம் கையில் எளிய வழிகள் இருக்கின்றன: வலைப்பூ, பாட்காஸ்ட், இணைய வானொலி. பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல் தனித்து நிற்கும் கலைஞரை அவற்றின் வழியே உலகத்துக்குக் கொண்டுபோவதை விளம்பர வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. பக்திக்குள் அடங்கிய கடமை அது என்பதுதான் என் வாதம்.

இதற்கு முதல் மறுப்பு பக்தியிலிருந்தே வரும். பாட்டு சாமிக்கு உரியது. பாடுபவர் வெறும் கருவி. கருவிக்குப் பெயரும் புகழும் எதற்கு, அது அகந்தையை வளர்க்காதா என்று கேட்பார்கள். மரியாதைக்குரிய கேள்வி. ஆனால் இதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் இருக்கிறது. ஆழ்வார்திருநகரி என்று இன்று நாம் அழைக்கும் திருக்குருகூரில் பிறந்த நம்மாழ்வார், திருவாய்மொழியில் ஒரு பதிகம் முழுவதும் தன்னைக் கருவியாகவே வைத்துப் பேசுகிறார். தான் பாடவில்லை, தன் வாயைக் கொண்டு பெருமானே தன்னைப் பாடிக்கொண்டான் என்று நெகிழ்கிறார். இதைவிடக் கூடுதலாக ஒரு மனிதர் தன் அகந்தையைக் கரைத்துவிட முடியாது. அப்படிப்பட்டவர்தான் பதிகத்துக்குப் பதிகம் கடைசிப் பாட்டில் தன் பெயரையும் தன் ஊரையும், இவை ஆயிரத்துள் ஒரு பத்து என்ற கணக்கையும் வைத்துவிட்டுப் போகிறார். திருஞானசம்பந்தரும் பதிகத்தின் முடிவுப் பாட்டான திருக்கடைக்காப்பில் தன் பெயரையும் ஊரையும் வைத்தார். பாட்டு என்னுடையது என்று உரிமை கொண்டாடியவர்களாக இவர்களைச் சொல்ல முடியாது. இந்தப் பாட்டுக்கு நான் சாட்சி, நான் பொறுப்பு, கேட்க வேண்டுமென்றால் இந்த ஊரில் வந்து கேள் என்று முகவரி கொடுத்தவர்கள் அவர்கள். உரிமை கோருவது ஒன்று, பொறுப்பேற்பது வேறொன்று. பெயர் இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது.

அந்த முகவரி எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்பதை வைணவ குருபரம்பரை விரிவாகச் சொல்கிறது. காட்டுமன்னார்கோயிலில் இருந்த நாதமுனிகள், யாத்திரையாக வந்தவர்கள் குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பதிகத்தைப் பாடக் கேட்டார். பத்துப் பாட்டுதான் அவர்களுக்குத் தெரியும். முடிவில் குருகூர்ச் சடகோபன் என்ற நம்மாழ்வாரின் பெயரும் ஆயிரத்துள் இப்பத்து என்ற குறிப்பும் வருகின்றன. அப்படியென்றால் மீதி எங்கே என்ற கேள்வி அவரைக் குருகூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அங்கேயும் பாட்டு வழக்கொழிந்திருந்தது. மதுரகவியாழ்வாரின் சீடர் மரபில் வந்த ஒருவரிடமிருந்து கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பெற்று, பன்னீராயிரம் முறை ஓதி, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தையும் மீட்டார் என்பது மரபு. இதைப் புராணமாகக் கொண்டாலும் வரலாறாகக் கொண்டாலும், மரபு எதை மதித்தது என்பதில் ஐயமில்லை. பெயரும் ஊரும் எண்ணிக்கையும் பாட்டுக்குள் இல்லாதிருந்தால் தேடலே தொடங்கியிருக்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. தேடிப்போனவருக்குச் சாவியாகக் கிடைத்த கண்ணிநுண் சிறுத்தாம்பு பெருமாளைப் பாடிய நூல் அன்று. திருக்கோளூர்க்காரரான மதுரகவி, பாடியவரையே பாடினார். பதினோரு பாட்டும் நம்மாழ்வாருக்குத்தான். நாலாயிரத்துக்குள் பெருமாளைப் பாடியவர்களுக்கு நடுவே, பாடகரைப் பாடிய ஒருவருக்கும் ஆழ்வார் என்ற இடத்தை மரபு கொடுத்திருக்கிறது. ஒரு கலைஞரை ஊரறியச் செய்வது கடவுளிடமிருந்து கவனத்தைத் திருப்புவதாகும் என்று இதற்குப் பிறகும் யாரும் சொல்ல முடியாது.

நாட்டார் வழக்காறு வேறு என்று ஒருவர் சொல்லலாம். ஆழ்வாரும் நாயன்மாரும் புலவர்கள். வில்லுப்பாட்டுக் கதைகளுக்கு ஆசிரியர் இல்லை, அவை ஊரின் சொத்து, அதில் ஒருவர் பெயரை ஒட்டுவது செயற்கை என்பது அந்த வாதம். பாதி உண்மை. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முத்துப்பட்டன் கதையை முதலில் கட்டியவர் யாரென்று எவராலும் சொல்ல முடியாது. பிராமணனாகப் பிறந்து, தோல் தொழில் செய்யும் குடும்பத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இருவரை மணந்து, மாடு கடத்த வந்தவர்களோடு போரிட்டு மாண்டு, சொரிமுத்து ஐயனார் கோயிலில் தெய்வமாக நிற்கும் அவனுடைய கதை எல்லோருக்கும் சொந்தம்தான். ஆனால் ஒரு குறிப்பிட்ட கொடையில், அந்தக் கதையில் எந்த இடத்தில் நிறுத்தி அழவைப்பது, எந்த இடத்தில் வேகம் கூட்டுவது என்று முடிவு செய்தது ஒரு மனிதர். அவருக்குத் தொண்டை கட்டியது. பின்பாட்டுக்காரர் தாங்கிப் பிடித்தார். கதை பொதுவாக இருக்கலாம், அந்த இரவின் உழைப்பு பொதுவில்லை. வில்லுப்பாட்டே இதை அறிந்து வைத்திருக்கிறது. காப்பு முடிந்ததும் குருவை வணங்கித்தான் கதைக்குள் நுழைகிறார்கள்.

வானொலிக் காலத்தில் இந்த மரியாதை தவறவில்லை. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் போன்றவை நாட்டார் இசைக்கு நேரம் ஒதுக்கியதோடு நிற்கவில்லை. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் பாடியவர் இன்னார், பக்கவாத்தியம் இன்னார் என்று அறிவித்தன. அந்த அறிவிப்பைக் கேட்டே பல கலைஞர்கள் ஊர் தாண்டித் தெரியவந்தார்கள். இன்று சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், நிகழ்த்துபவரை இன்னார் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையை அவருக்குத் தருகிறது. ஆனால் நள்ளிரவில் பாடி முடித்துப் பஸ் பிடித்து அடுத்த கொடைக்குப் போகிறவர் வழக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. புகழ் பெற்ற பாட்டுக்கே இந்த நிலைதான். 2021 மார்ச்சில் வெளிவந்து உலகமெங்கும் பரவிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எழுதியவர், பாடகி தீயோடு சேர்ந்து பாடியவர் அறிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே அறிவைத் தாங்கிய இன்னொரு அட்டை வந்தது. குரல் எழுப்ப ஆளிருந்த இடத்தில் இப்படி என்றால், குடம் அடிப்பவருக்காக யார் எழுதுவார்கள்?

பெரிய தளங்களில் பாட்டு இருந்தால் போதாதா என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தளங்களின் கணக்கு இந்தக் கலைக்குப் பொருந்தாது. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. இரவு முழுக்க விரியும் கதைக்கு முப்பது விநாடியில் என்ன இருக்கிறது? கதையின் உச்சத்தில் அருள் வந்து ஆடும் காட்சியை மட்டும் வெட்டிப் போட்டால் ஆயிரமென்ன, லட்சம் பேர்கூடப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்தது வில்லுப்பாட்டு இல்லை. பாட்காஸ்ட் அப்படியில்லை. இரவு முழுக்க நடந்த கதையை முழுசாக வைக்கலாம், தவணை தவணையாகவும் வைக்கலாம். எந்த ஒரு செயலிக்குள்ளும் அடைபட வேண்டியதில்லை. நடுவே நிறுத்தி, இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று குழுத் தலைவரான அண்ணாவியிடமே கேட்டுப் பதிவு செய்யலாம். இணைய வானொலிக்கு ஐஸ்காஸ்ட் போன்ற இலவச மென்பொருளும் ஒரு சாதாரணக் கணினியும் போதும். கேட்கவும் இங்கே ஆள் உண்டு. முக்கூடல் பீடித் தொழிலால் அறியப்பட்ட ஊர். பீடி சுற்றும்போது கண்ணும் கையும் இலையிலும் நூலிலும் கட்டுண்டிருக்கும். காது மட்டும் நாள் முழுக்க ஓய்வாக இருக்கும். காணொளியால் எட்ட முடியாத அந்த வீடுகளுக்குள் ஒலி போகும். கொடைக்காலம் பங்குனி, சித்திரை, ஆடி என்று சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களிலும் கலைஞரின் பெயர் ஒலித்துக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு அழைப்பு வர அது உதவும். வங்காளத்தில் மௌசுமி பௌமிக்கும் சுகாந்த மஜும்தாரும் நடத்தும் ‘டிராவலிங் ஆர்க்கைவ்’ இதற்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு பதிவிலும் பாடியவர், இடம், நாள், எந்தச் சூழலில் பாடினார் என்ற குறிப்பு இருக்கிறது. இருவர் முயற்சியில் தொடங்கிய வேலை அது.

இனி, எனக்கே கடினமாக இருக்கும் மறுப்புக்கு வருகிறேன். கொடைப்பாட்டுக்குக் காலமும் இடமும் உண்டு. அது சாமியை வரவழைக்கும் பாட்டு. கணியான் கூத்தில் மகுடம் என்ற பறையின் ஒலி உச்சம் தொடும்போது நடக்கும் கைவெட்டில், கணியான் தன் உடலிலிருந்தே ரத்தம் கொடுக்கிறார். அதைப் பஸ்ஸில் போகிறவர் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது சரியா? எல்லாவற்றையும் ஒலிபரப்பலாம் என்று நான் சொல்லமாட்டேன். வேடிக்கை பார்ப்பவருக்கு உரியதில்லாத கணங்கள் எல்லா வழிபாட்டிலும் உண்டு; அவற்றை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்பதைப் பதிவு செய்பவரோ ரசிகரோ தீர்மானிக்கக் கூடாது. பாடுபவரும் கோயில்காரர்களும் சொல்ல வேண்டும், அவர்கள் சொன்னதே முடிவு. ஆனால் இந்த மறுப்பை நீட்டி, கோயிலைவிட்டு வெளியே வந்தாலே கலை செத்துவிடும் என்பவர்களுக்கு வரலாறு துணை நிற்கவில்லை. திருநெல்வேலிச் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் ஆதரவோடு வில்லை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார். காந்தி கதையை வில்லில் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் வில்லைக் கோயிலுக்கு வெளியே ஒலிக்க வைத்ததால் கோயில் வில்லுப்பாட்டு குறைந்துவிடவில்லை. வில்லுப்பாட்டு என்ற சொல்லையே அவர் வழியாக அறிந்த தலைமுறைகள் உண்டு.

புகழ் கலைஞரைக் கெடுக்கும் என்ற அச்சம் மிஞ்சுகிறது. எண்ணிக்கைக்காகப் பாடத் தொடங்கினால் சாமிக்குப் பாடுவது போய்விடும் என்கிறார்கள். அந்த ஆபத்து உண்மை. ஆனால் பசியும் புறக்கணிப்பும் அதைவிட வேகமாகக் கெடுக்கின்றன. மகன் உடுக்கையைத் தொடவே வேண்டாம் என்று தந்தை முடிவெடுத்துவிட்டால், பாட்டு தூய்மையாக இருந்து யாருக்கு? மதுரகவி பாடியதால் நம்மாழ்வார் கெட்டுவிடவில்லை.

எனவே வருகிற கொடையில் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கப்போகும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். பாட்டு தொடங்குவதற்கு முன் அண்ணாவியிடம் போய் அனுமதி கேளுங்கள். அவர் பெயர், ஊர், அவருடைய குருவின் பெயர், பின்பாட்டுக்காரர், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை வாசிப்பவர்களின் பெயர்கள், கதையின் பெயர், கோயில், தேதி எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே அவற்றை வாசியுங்கள். பணம் வந்தால் பங்கு கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன பகுதியை அழித்துவிடுங்கள்.