பொதியின்மேல் எழுதும் விலை

கடல் கடந்து வாழும் நண்பருக்கு ஒரு பொருளை அனுப்புங்கால், அதன் விலையைக் குறைத்து எழுதுதல் குற்றமாகுமோ என்பது, ஐதராபாத், செகந்தராபாத் என்னும் இரட்டை நகரங்களில் வாழும் தமிழ் மக்கள் நம்மிடம் பலமுறை கேட்டுள்ள வினாவாகும். ரூ. 9,000 பெறும் பட்டுப் புடவையை ரூ. 500 என்று எழுதினால் நண்பருக்குச் சுங்க வரி மிச்சமாகும். அன்பினால் செய்வதேயன்றி ஆதாயம் கருதிச் செய்வதன்று. இதனால் யாருக்கு என்ன தீங்கு என்பர். பொய்யாமை என்னும் சீலத்தை ஏற்றோரும் இவ்விடத்தில் சற்றுத் தடுமாறுகின்றனர். ஆதலின் இதனை விரிவாக ஆராய்தல் தகும்.

மடலும் பொதியும் அபிட்ஸ் தலைமை அஞ்சலகத்தில் ஒரே கூரையின்கீழ்க் கொடுக்கப்படினும் இரண்டன் இயல்பும் வேறு. மடலுக்குள் என்ன எழுதினீர் என்று எவரும் கேளார். அரசு சில காரணங்களுக்காக மடலைத் தடுத்துப் பார்க்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது; அதனை மாற்றி வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இடந்தருகிறது. எனினும் அது விலக்கேயன்றி வழக்கமன்று. பொதியோ அவ்வாறன்று. அதன்மேல் சி.என். 22 என்னும் சிறு சீட்டோ, சி.என். 23 என்னும் பெரிய படிவமோ ஒட்டப்படும். உள்ளிருப்பது யாது, எடை எவ்வளவு, விலை எவ்வளவு, அன்பளிப்பா விற்பனைப் பொருளா என்று அது கேட்கும். கீழே, எழுதியவை யாவும் சரியானவை என்று நாமே கையொப்பமிட வேண்டும். பொய் எழுதுவோர் பலர் இவ்வரியைப் படிப்பதேயில்லை.

இச்சீட்டு எதனை நம்பி நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நிஜாம் அரசு 1869 முதல் தனக்கெனத் தபால்தலை வெளியிட்டு வந்தது. 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வஞ்சல்துறை இந்திய அஞ்சலோடு இணைந்தது. அதுவரை அத்தலை அவ்வரசின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். சென்னைக்கு எழுதும் மடலுக்கு அது பயன்படாது. தலையின் மதிப்பு எல்லைக்கல்லோடு முடிந்தது என்க. இதற்கு நேர்மாறான ஏற்பாடு 1874 அக்டோபர் 9ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தது. 22 நாடுகள் கூடி, உலகம் முழுவதையும் மடலுக்கு ஒரே நிலப்பரப்பாகக் கொள்வதென உடன்பட்டன. இந்தியா 1876இல் சேர்ந்தது. அனுப்பும் நாடு வாங்கிய கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளும். பெறும் நாடு கைம்மாறு பெறாமல் வீடு வரை கொண்டு சேர்க்கும். ஒரு மடல் போனால் ஒரு மறுமொழி வரும், கணக்கு நேராகிவிடும் என்பதே அவர்கள் கொண்ட துணிபு! 1969இல் டோக்கியோ மாநாடு இதனை மாற்றும் வரை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் உலக அஞ்சல் இந்நம்பிக்கையின்மேல் நடந்தது. வேறெந்த அரசுத்துறையும் இவ்வளவு துணிந்ததாக நாம் அறியோம்.

நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில் துணியின் ஓரத்தில் இத்தனை மீட்டர் என்று முத்திரை குத்தப்படும். வாங்குவோன் எங்கோ இருப்பான். ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து அளந்து பார்ப்பதானால் வாணிகம் ஒரு நாளும் நடவாது. பொதியின் சீட்டும் அத்தகையதே. எல்லாப் பொதியையும் பிரித்துப் பார்க்கச் சுங்க அதிகாரிக்குக் கையும் இல்லை, காலமும் இல்லை. சீட்டை நம்பியே பெரும்பாலானவற்றை விடுகிறார்.

இனி, யாருக்குத் தீங்கு என்ற வினாவிற்கு வருவோம். நம் நாட்டிலேயே சான்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் ரூ. 5,000 வரையிலான அன்பளிப்புகள் முன்னர் வரியின்றி நுழைந்தன. இணையவழிப் பொருள் விற்கும் அயல்நாட்டு வணிகர் சிலர், விற்ற சரக்கின்மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பலாயினர். 2019 டிசம்பரில் அரசு அச்சலுகையை நிறுத்தியது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்களித்தது. வணிகன் சொன்ன பொய்க்கு, அண்ணன் அனுப்பிய பொம்மைக்குத் தங்கை வரி செலுத்துகிறாள்.

அமெரிக்காவும் 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த வரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. வரி ஏய்ப்பும் போதைப்பொருளும் காரணமாகக் கூறப்பட்டன. வரியை யார் வசூலிப்பது என்ற தெளிவின்றி இந்திய அஞ்சல்துறை ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான பொதிகளை ஏற்பதை நிறுத்தியது. மாத முடிவில் மடலையும் நிறுத்தியது. அக்டோபர் 15இல்தான் வழி மீண்டும் திறந்தது. தீபாவளியோ அக்டோபர் 20. அவ்வாணை நியாயமா என்பது வேறு வழக்கு. அன்பளிப்பின்மேல் வரி விதிப்பதே கடுமை என்பது நம் கருத்து. ஆயினும், சட்டம் கடுமையானது என்பதனால் நம் கையொப்பம் மெய்யாகிவிடாது.

இன்னொன்றையும் அன்பர்கள் மறக்கின்றனர். பொய் நம்முடையது, அதன் தொல்லையோ நண்பருடையது. சீட்டு ஐயத்திற்கு இடமாகி அதிகாரி பொதியைப் பிரித்தால், அழைக்கப்படுபவர் அந்நிய மண்ணில் தங்க உரிமைச்சீட்டோடு அஞ்சி வாழும் அம்மனிதரே. அவரைக் கேளாமலே அவரை நம் பொய்க்கு உடந்தையாக்குகிறோம். பொதி காணாமற் போயினும், எழுதிய ரூ. 500க்கு மேல் இழப்பீடு கேட்க நமக்கு வாயில்லை.

உண்மையாகவே விலை தெரியாத பொருள்களும் உண்டு. உடுத்திய சட்டைக்கு இன்றைய விலையை எழுதுவது பொய்யன்று. பழம்பொருளுக்கு மதிப்புக் குறைவுதான். வீட்டில் இடித்த பருப்புப் பொடிக்கு என்ன விலை என்று ஓர் அம்மையார் கேட்டார். பருப்பு, மிளகாய், பூண்டு வாங்கிய காசைக் கூட்டி எழுதுக என்றோம். கோங்குரா ஊறுகாயை மட்டும் வேண்டாவென்று தடுத்தோம். எண்ணெய் கசிந்தால், அதே பையில் கிடக்கும் முன்பின் அறியாதவர் மடல்களெல்லாம் கெடும்.