இன்னொரு வீட்டின் இரவு

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தாத்தா வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ அனுப்பும்போது நாம் அதிகம் யோசிப்பதில்லை. துணிப்பையோடு பஸ் ஏற்றிவிட்டால் முடிந்தது. அங்கே கூடத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கும். யார் பக்கத்தில் யார் படுக்கிறார்கள், வீட்டுக்கு யாரெல்லாம் வந்து போகிறார்கள் என்று கேட்டால், கேட்டவரைத்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள். அதே பிள்ளை இரண்டு தெரு தள்ளியிருக்கும் தோழியின் வீட்டில் ஒரே ஓர் இரவு தங்கப் பிரியப்பட்டால், வீடே கூடி விவாதிக்கிறது. இதற்குத் தமிழில் நிலைத்த சொல்கூட இல்லை. பிள்ளைகள் 'ஸ்லீப் ஓவர்' என்கிறார்கள்.

என் ஆறு வயது மகள் அப்படிக் கேட்டபோது அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அவங்க என்ன ஆளுங்கடா?" அன்று மாலை தோழியின் அம்மா போன் செய்தார். "பாப்பா முட்டை சாப்பிடுவாளா? லைட் எரிஞ்சாதான் தூங்குவாளா? நடுராத்திரி பாத்ரூம் போக எழுப்பணுமா?" இரண்டு பேரும் குழந்தையின் நலனுக்காகத்தான் கேட்டார்கள். ஆனால் அம்மாவின் கேள்விக்குள் குழந்தை இல்லை. மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தோழியின் பெயர், அவள் பென்சில் பாக்ஸின் நிறம், அவள் எதற்கெல்லாம் அழுவாள் என்று அவளுக்குத் தெரியும். 'ஆளுங்க' என்பது என்னவென்று அதுவரை தெரியாது.

அம்மாவைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் வளர்ந்த ஊரில் பாதுகாப்பு என்றால் சொந்தம். வேறு காவல் கிடையாது. ஆனால் சொந்தம் உண்மையிலேயே காக்கிறதா? மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களின் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பேசினார்கள். பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், பொறுப்பில் இருந்தவர்கள். போக்சோ வழக்குகளைப் பற்றிய தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளிலும் தெரிந்தவர்களே மிகப் பெரும்பான்மை. 'தெரிந்தவர்' என்பதில் உறவினரும் அடக்கம், பக்கத்து வீட்டுக்காரரும் அடக்கம். ஆகவே தோழியின் வீடு பத்திரமானது என்று இந்த எண்கள் சொல்லவில்லை. சொந்தம் என்பதே ஒரு சான்றாகாது என்று மட்டும் சொல்கின்றன. நாம் சந்தேகத்தை ஆபத்து இருக்கும் இடம் பார்த்துப் பங்கிடுவதில்லை. அந்நியம் பார்த்துப் பங்கிடுகிறோம்.

தத்துவவாதி ஆனெட் பையர் 1986இல் எழுதிய கட்டுரையில் நம்பிக்கையை ஒருவகைப் பலவீனமாகப் பார்க்கிறார். பிறர் நினைத்தால் நமக்குத் தீங்கு செய்யலாம், செய்யமாட்டார் என்று அந்த நிலையை ஏற்றுக்கொள்கிறோம். தூங்கும் மனிதனைவிட இதற்குப் பொருத்தமான உருவம் கிடையாது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம்புவது நான், தூங்கப்போவது அவள். என் நம்பிக்கை பொய்த்தால் விலை கொடுப்பது அவள். இன்னொருவர் சார்பில் நம்ப எனக்கு என்ன உரிமை?

அனுப்பாமல் இருந்துவிட்டால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. அப்போதும் அவள் சார்பில் நான் எடுக்கும் முடிவுதான் அது. அந்த வீட்டாரை நம்பக் கூடாது என்று அவளுக்குச் சொல்லாமல் சொல்லித் தருகிறேன். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்கிறது குறள். அந்த அதிகாரம் அரசனுக்குச் சொன்னது. குழந்தையை அனுப்பும் வீட்டுக்கு அது பாதிதான் பொருந்தும். ஆராய்ந்த பிறகும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பது மீதிப் பாதி.

வழியை மகளே காட்டினாள். "நடுராத்திரி வீட்டுக்கு வரணும்போல இருந்தா?" என்று கேட்டாள். "மூணு மணின்னாலும் வருவேன்" என்றேன். தோழியின் அம்மாவிடம் சொன்னபோது, "தாராளமா. கதவ நான் தெறக்குறேன், தயங்காதீங்க" என்றார். இதைவிடப் பெரிய உத்தரவாதத்தை எந்த வீடும் தர முடியாது என்று நினைக்கிறேன். குழந்தை எந்த நேரமும் திரும்பலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்த மூன்றும் இருந்தால் அவள் சார்பில் நான் வைக்கும் நம்பிக்கையை ரத்து செய்யும் அதிகாரம் அவளிடமே இருக்கிறது.

அவள் போனாள், தூங்கினாள், காலையில் வந்து, "அவங்க வீட்ல அப்பாதான் தோசை சுடுறாரு" என்று ஆச்சரியத்தோடு சொன்னாள்.

விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பும் முன் அதே கேள்விகளை அக்காவிடமும் கேட்டேன். யார் யார் தங்குகிறார்கள், இவள் எங்கே படுப்பாள், அழுதால் உடனே போன் செய்வீர்களா? "என் வீட்டையே சந்தேகப்படுறியாடா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. சொந்தக்காரர் வீட்டில் கேட்கக் கூசும் கேள்வியை அடுத்தவர் வீட்டில் மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல, அவமதிப்பு. இரண்டு வீட்டிலும் கேட்டால்தான் அது குழந்தைக்கான கேள்வி. அக்காவுக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. அந்த வருத்தத்தைச் சுமக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தான்.